நாலாம் நம்பர் ஜோடி

மனிதனுக்குக் கால் இரண்டு. என் மகன் மணிவேலுக்கு ஷூ பதினோரு ஜோடி.

கறுப்பில் நாலு, பிரவுனில் மூன்று, வெள்ளையில் இரண்டு, பாம்புத்தோல் மாதிரி ஒன்று. இன்னொன்றின் நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியாது. மாட்டுச் சாணம் இரண்டு நாள் காய்ந்தால் வருகிற நிறம். முப்பது வருஷமாக நான் ரப்பர் செருப்பில் நடந்து, வார் அறுந்தால் ஊக்கு குத்தி, ஊக்கும் உடைந்தால் வெறுங்காலில் போய் மூட்டை தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தக் குறையெல்லாம் அவன் காலில் வந்து தீர்ந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது.

கோவில்பத்தில் எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு அடுப்படி. கூடத்துச் சுவரிலேயே பள்ளம் விட்டுக் கட்டிய அலமாரி ஒன்று உண்டு. அகலம் இரண்டரை அடி. மூன்று கடப்பாக்கல் பதித்து நாலு தட்டு. வீட்டில் கதவு போட்டுப் பூட்டுகிற இடம் அது ஒன்றுதான். மேல்தட்டில் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும். இரண்டாவதில் எல்லார் துணியும். மூன்றாவதில் மருமகள் ஷர்மிளாவின் புத்தகங்கள். அடித்தட்டில் அரிசி டின்.

ஷர்மிளா கல்யாணமாகி வந்தபோது ஒரு சூட்கேசும் ஒரு அட்டைப்பெட்டிப் புத்தகமும் கொண்டுவந்தாள். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அந்த மூன்றாம் தட்டுதான் இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல இருந்த ஒரே இடம். அரசாங்க கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வேலை முடிந்ததும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து படிப்பாள். அந்த மாதம் முப்பதாம் தேதி விண்ணப்பம் போடக் கடைசி நாள்.

ஷூக்கள் அதுவரை வாசற்படிக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. ஒருநாள் தெருநாய் ஒன்று பிரவுனில் ஒற்றையைக் கவ்விக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் வைத்து நிதானமாக மென்றது. தெருவில் எத்தனையோ செருப்பு கிடக்க, அந்த நாய்க்கும் ஷூதான் வேண்டியிருந்தது. மணிவேல் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி அதை மீட்டுக்கொண்டு வந்தான். குதிகாலில் நாலு பல் பதிந்திருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

“இனிமே எல்லாம் அலமாரிக்குள்ளதான். மூணாம் தட்டு.”

ஷர்மிளா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். “அது என் புத்தகம் இருக்கிற தட்டுங்க.”

“கீழ அரிசி டின்னு பக்கத்துல எடம் இருக்குல்ல. அங்க வை.”

“புத்தகத்துக்கு மேலயா செருப்பை வைப்பாங்க?”

“செருப்பு இல்ல. ஷூ.”

இதைச் சொன்னவன் பி.காம். புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இவனுக்கு ஷூ வேறு, செருப்பு வேறு என்பதுதான் தெரியும்.

“கீழ்த்தட்டு ஈரம் இழுக்கும். அந்துப்பூச்சி வேற. பரீட்சை வரைக்குமாவது விடுங்களேன்” என்றாள்.

“எந்தப் பரீட்சை? நான் ஆபீஸ் போறவன். எம் பொண்டாட்டி பரீட்சை எழுதி, வேலைக்குப் போயித்தான் இந்த வீட்ல உலை கொதிக்கணுமா? கேக்கிறவன் சிரிப்பான். விண்ணப்பப் பாரமும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

என் சம்சாரம் கமலாம்பாள் பிள்ளை பக்கம்தான் பேசுவாள். “அவன் நாலு பெரிய மனுஷங்களைப் பாக்கிறவன்மா. காலைப் பாத்துத்தான் ஆளையே மதிக்கிறாங்களாம். நீ வீட்ல இருந்துக்கிட்டு படிச்சு என்ன ஆவப்போவுது?”

மணிவேல் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். காரைக்கால் டவுனில் ஆபீஸ். அவன் உத்தியோகத்தின் பெயரைச் சொல்ல அவன் அம்மாவுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கும். காலை ஒன்பதுக்கு பைக்கில் போவான், ராத்திரி எட்டு மணிக்கு வருவான். வந்ததும் கட்டிலில் விழுந்து, “இன்னைக்கு மட்டும் அஞ்சு கிலோமீட்டர் நடை. வீடு வீடா ஏறி எறங்கி காலு விட்டுப்போச்சு” என்பான். கமலாம்பாள் தைலம் எடுத்துக்கொண்டு ஓடுவாள். நாளெல்லாம் நெல் மூட்டை சுமந்துவிட்டு வருகிறவன் நான். முப்பது வருஷத்தில் என் முதுகுக்கு அந்தத் தைலப் பாட்டில் மூடிகூடத் திறந்ததில்லை.

பதினோரு ஜோடியையும் இரண்டரை அடித் தட்டில் திணிக்கப் பார்த்தான். ஆறு ஜோடியில் தட்டு நிறைந்தது. ஏழாவதை வைத்தபோது மூன்றாவது கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அப்பா, நீங்கதான் குடோன்ல அடுக்குற ஆளாச்சே. இதை அடுக்கிக் குடுங்களேன். இதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்டு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் எழுந்து போய் அடுக்கினேன். சரக்கு என்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. முப்பது வருஷப் பழக்கம்.

மூட்டையை அடுக்கி அட்டி போடுவதில் ஒரு நியாயம் உண்டு. ஒரு வரிசை நீளவாக்கு, அடுத்த வரிசை குறுக்குவாக்கு. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், சரியாது. ஷூவையும் அப்படித்தான் செய்தேன். ஒன்றின் குதிகால் பக்கத்தில் அடுத்ததன் மூக்கு. நடுவில் ஒரு பழைய பலகை கொடுத்து அதற்கு மேல் இன்னொரு வரிசை, குறுக்கே. பதினொன்றும் உட்கார்ந்துவிட்டன. புத்தகங்களை ஷர்மிளாவே ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். கடைசிப் புத்தகத்தை அரிசி டின்னுக்கும் சுவருக்கும் இடையில் செருகும்போது மட்டும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அட்டிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. நம்பர் போடாத சரக்கு சரக்கே இல்லை. எது எப்போது வந்தது, எது வெளியே போகிறது, எது கிடந்து புழுக்கிறது என்று தெரிய வேண்டும். மூட்டைக்குப் போடுகிற நீல மை ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் என் பையில் இருக்கும். ஒவ்வொரு ஜோடியின் குதிகால் அடியிலும் ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் எழுதினேன். கையோடு என் ரப்பர் செருப்பின் அடியிலும் ஒரு கோடு போட்டேன். குடோனில் செருப்பு மாறிப்போகிறது.

“நம்பரா? எதுக்குப்பா?”

“எது போவுது, எது போகலைன்னு தெரியணும்ல.”

“குடோன் புத்தி” என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு அந்த அலமாரியைத் திறந்தால் அடிக்கிற வாசனை சொல்லும்படி இல்லை. பாலிஷும் வியர்வையும் சேர்ந்து சோற்றில் ஏறியது. அரிசி டின் நேர் கீழே. தினமும் காலையில் அரை மணி நேரம் பாலிஷ் நடக்கும். பிரஷ், துணி, மறுபடி பிரஷ், பிறகு ஊதுவது. சாமி விக்கிரகத்துக்குக்கூட அவ்வளவு உபசாரம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் கமலாம்பாள் அலமாரிக் கதவைத் தற்செயலாகத் திறப்பது போலத் திறந்து காட்டுவாள். பெரியநாயகி சாமர்த்தியக்காரி. “இத்தனையும் போட உம் மவனுக்கு எத்தனை காலுடி?” என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இத்தனை உபசாரத்திலும் தினமும் வெளியே போனது ஒரே ஜோடி. நாலாம் நம்பர். கறுப்பு, கயிறு கட்டுகிறது. மற்ற பத்தும் பள்ளிகொண்டிருந்தன.

பன்னிரண்டு நாள் கழித்து அட்டி சரிந்தது. அவன் அவசரத்தில் நாலாம் நம்பரைத் தூக்கி மேலே வீசுகிறவன். சரியாமல் என்ன செய்யும். ராத்திரி அவன் வந்து கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தபோது நான் திரும்ப அடுக்க உட்கார்ந்தேன். நாலாம் நம்பரைக் கவிழ்த்தேன். குதிகால் அடியில் நீல மை நேற்று எழுதின மாதிரி இருந்தது. ‘4’ என்று, வால் முனைகூடத் தேயாமல்.

என் செருப்பில் போட்ட கோடு மூன்றாம் நாளே போய்விட்டது. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்த ஷூ இது.

உள்ளே ஏதோ ஒட்டியிருந்தது. விரல் விட்டு எடுத்தேன். நூல் கட்டிய சின்ன அட்டை. அறிவொளி வகுப்பில் நாற்பதாவது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் விடாமல் படிப்பேன். ‘அலாவுதீன் ஜவுளி ஸ்டோர், தி.ரா.பட்டினம். காட்டன் சேலை. விலை ரூ.345.’

சரி, பொண்டாட்டிக்கு ரகசியமாகச் சேலை எடுத்திருக்கிறான், புத்தகத்தை இறக்கியதற்குப் பரிகாரம் என்று நினைத்தேன். பெற்ற மனது, நல்லதைத்தானே முதலில் நினைக்கும். மூன்று நாள் பார்த்தேன். சேலை வரவில்லை.

நாலாம் நாள் குடோனில் மத்தியானமே லாரி இல்லையென்று விட்டுவிட்டார்கள். பஸ் ஏறித் திருமலைராயன்பட்டினம் போனேன். கடைத்தெருவில் சேக் அலாவுதீன் பாயின் ஜவுளிக்கடையைச் சின்னப் பிள்ளையும் காட்டும். எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை நிழலில் நின்றுகொண்டேன்.

கடைவாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்புக் கிடந்தது. ஓரமாக, கீழே பேப்பர் விரித்து அதன் மேல் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதன் மேல் என் மகன், கழுத்தில் டை, காலில் கறுப்பு சாக்ஸ், மண்டி போட்டு உட்கார்ந்து சேலை விரித்துக்கொண்டிருந்தான்.

வயதான ஒரு அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். “இந்த அரக்கு வேணாம் தம்பி. அந்த மயில்கழுத்துக் கலரை எடு.”

“இதுவா, இந்தா பாருங்க பெத்தா. சாயம் போகாது. போனா என்னைக் கேளுங்க.”

“உன்னை எங்க தேடுறது? நீ கழுத்துல கயித்தைக் கட்டிக்கிட்டு இருக்குற ஆளு.”

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு பிரித்துப் போட்ட இருபது சேலையையும் மடிக்க ஆரம்பித்தான். நுனியோடு நுனி சேர்த்து, ஒரு உதறு, நாலு மடிப்பு, உள்ளங்கையால் ஒரு தடவல். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்ததில் ஒரு ஓரம் பிசகவில்லை. நல்ல கை. அட்டி போடத் தெரிந்த கை. அடுக்குகிற வேலை என் டிபார்ட்மென்ட்டு என்றவனின் கை.

துணி மடிப்பதில் என்ன கேவலம்? உட்கார்ந்த இடத்தில் நிழல், மின்விசிறி, பாய் கொடுக்கும் டீ. கேவலம், அதற்குப் போக தினமும் அரை மணி நேரம் பாலிஷ் போட்டது. கேவலம், மெத்தையில் மண்டி போட்டதற்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டது. அந்த மெத்தையின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஆபீஸ்காரன் பொண்டாட்டி பரீட்சை எழுதக் கூடாது என்றது.

உள்ளே போகவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் இருபத்தெட்டாம் தேதி. எனக்கு வாரமுறை லீவு. ஷர்மிளா கொல்லையில் துவைக்கிற கல்லில் சாக்ஸ் கும்மிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் அந்த அட்டையை நீட்டினேன். பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு மாசமா தெரியும் மாமா. சாக்ஸ் துவைக்கிறது நான்தானே. நடக்கிறவங்க சாக்ஸ்ல மண்ணு இருக்கும். இவங்க சாக்ஸ்ல ஜரிகைதான் இருக்கு.” கல்லில் ஒட்டியிருந்த ஒரு மினுக்கு நூலை நகத்தால் எடுத்துச் சுண்டினாள். “அந்தக் கம்பெனியை மூடிட்டாங்கன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க.”

“ஏன் கேக்கலை?”

“அவங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.”

“அன்னைக்கு புத்தகத்தை எறக்கச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா தட்டு கெடைச்சிடும். அப்புறம் அந்த மூஞ்சியை நான்தானே மாமா தெனமும் பாக்கணும்.”

“பாரம் என்னாச்சு?”

“எழுதி வெச்சிருக்கேன். அரிசி டின்னுக்கு அடியில.” சாக்ஸை முறுக்கிப் பிழிந்தாள். “நாளன்னிக்கு கடைசி நாளு. அவங்க வாயால போயிட்டு வான்னு சொல்லாம போனா, அது வேற மாதிரி ஆயிடும்.”

அவளுக்கு அந்த மூஞ்சியோடு குடித்தனம் நடத்த வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. அந்த மூஞ்சியை இருபத்தெட்டு வருஷம் பார்த்தாயிற்று.

கமலாம்பாள் சந்தைக்குப் போயிருந்தாள். குடோனிலிருந்து கொண்டுவந்த காலிச் சாக்கு ஒன்று வீட்டில் கிடந்தது. நாலாம் நம்பரை அவன் போட்டுக்கொண்டு போயிருந்தான். மீதிப் பத்து ஜோடியையும், பாம்புத்தோல், சாணி நிறம் எல்லாவற்றையும், சாக்கில் போட்டு உலுக்கி, கோணூசியில் சணல் கோத்து வாயைத் தைத்தேன். பதினாறு தையல். முடிச்சுப் போட்டு, பிடித்துத் தூக்கக் காதும் விட்டேன். தட்டை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன். பிறகு கீழ்த்தட்டிலிருந்து புத்தகங்களை எடுத்தேன். இரண்டின் ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது. ஒன்றில் அந்துப்பூச்சி. வெயிலில் காட்டி, துடைத்து, மூன்றாம் தட்டில் நிற்கவைத்தேன். ஜவுளிக்கடை அட்டையை அவற்றின் முன்னால் கண்ணில் படுகிற மாதிரி சாய்த்து வைத்தேன்.

எட்டு மணிக்கு வந்தான். அலமாரியைத் திறந்தான்.

“என்னப்பா இது? என் ஷூவெல்லாம் எங்க?”

“போகாத சரக்கு. மூட்டை கட்டியாச்சு.”

“யாரைக் கேட்டுக் கட்டினீங்க? நாளைக்கு எனக்கு மீட்டிங்கு. பிரவுன் போடணும்.”

“மெத்தை மேலயா?”

கை கதவிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் புத்தகத்தின் முன்னால் இருந்த அட்டையைப் பார்த்தான். அவன் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. நாய் வாயில் அந்த ஷூ எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

கமலாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க மெத்தை? எந்த மெத்தை?”

“ஒண்ணுமில்ல. காபி போடு.”

அவள் உள்ளே போனாள். ஷர்மிளா அறை வாசலில் நின்றாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“சேலை நல்லாத்தான் மடிக்கிற. அதுல நான் ஒண்ணும் குறை சொல்லமாட்டேன். நாளன்னிக்கு பாரத்துக்குக் கடைசி நாளு. நாளைக்குக் காலையில இவளை பைக்ல கூட்டிட்டுப் போய், கூடவே இருந்து போட்டுட்டு வா.”

“நாளைக்கு லீவு குடுக்க மாட்டாங்கப்பா.”

“யாரு? கம்பெனியா?”

சாக்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பாய்.”

அவ்வளவுதான். ஒரு சொல். அதைச் சொல்ல ரெண்டு மாசமும் பதினோரு ஜோடி ஷூவும் தேவைப்பட்டிருக்கிறது.

“அப்ப பாய்கிட்ட ஒரு மணி நேரம் லேட்டா வரேன்னு சொல்லு. நல்ல மனுஷன். பொண்டாட்டி பரீட்சைன்னா வேணாம்னு சொல்ல மாட்டாரு. உன்னை மாதிரி இல்ல.”

ஷர்மிளாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவன் டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

“எட்டரைக்குக் கெளம்பிடு. போட்டோவெல்லாம் எடுத்து வச்சிக்க.”

“எடுத்து வச்சிட்டேங்க” என்றாள். வந்து அந்த அட்டையை எடுத்து, ஒரு புத்தகத்தைப் பிரித்து, பக்க அடையாளமாகச் செருகிவிட்டு மூடினாள்.

இதற்குப் பிறகு அவன் திருந்தி ரப்பர் செருப்பில் கடைக்குப் போனான் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு என் மகனைத் தெரியாது. மறுநாள் காலையிலும் அரை மணி நேரம் பாலிஷ் நடந்தது. பிரஷ், துணி, பிரஷ், ஊதல். நாலாம் நம்பரை மாட்டிக்கொண்டு, டையைச் சரிசெய்துகொண்டு, மருமகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். கமலாம்பாள் வாசலில் நின்று பெரியநாயகிக்குக் கேட்கிற மாதிரி, “புருஷன் ஆபீஸ் வேலையெல்லாம் விட்டுட்டு கூட்டிக்கிட்டுப் போறான் பாரு” என்றாள். நான் திருத்தவில்லை. அவளுக்கு உண்மை வேண்டுமென்றால் சாக்ஸ் துவைக்கட்டும்.

பாரம் போட்டாயிற்று. பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. சாக்கு மூட்டையைப் பிரிக்க அவன் கேட்கவில்லை, நானும் பிரிக்கவில்லை. அலமாரி ஓரமாகக் கூடத்திலேயே கிடக்கிறது. தரை சில்லிடுகிறதென்று ஷர்மிளா அதன் மேல்தான் உட்கார்ந்து படிக்கிறாள். நன்றாக அமுங்கி, உட்காரத் தோதாக இருக்கிறதாம்.

பத்து ஜோடிக்கும் இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.